மண்டபம் ஒன்று, வினாக்கள் வேறு
எஸ்.ஏ.ரி. (அமெரிக்கப் பல்கலைக்கழக அனுமதிக்கான பரீட்சை) ஆங்கில இலக்கணம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் சிநேகிதியும் கொழும்பில் ஒரே மண்டபத்தில் எஸ்.ஏ.ரி. எழுதினோம். யாழ்ப்பாணம் திரும்பும் பஸ்ஸில் இலக்கண விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தோம். அவள் சொன்ன அரைப்புள்ளிக் (;) கேள்வி எனக்கு வந்ததாக ஞாபகமே இல்லை. நான் ஏதாவது கேள்வியைத் தவறவிட்டிருப்பேனா?
– மாணவி, நல்லூர்

பதில்: பயப்பட வேண்டாம், தங்கச்சி. அந்தக் கேள்வி உங்களுக்கு வந்திருக்காது. அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவோருக்கு 2023 மார்ச்சிலிருந்து இது கணினிவழிப் பரீட்சை. பக்கத்துக் கதிரையில் இருப்பவருக்கும் உங்களுக்கும் ஒரே வினாத்தொகுப்பு வருவதில்லை. ஆங்கிலப் பிரிவு, 27 வினாக்கள் கொண்ட இரண்டு பகுதிகளாக வரும். ஒவ்வொன்றுக்கும் 32 நிமிடம். முதற்பகுதியை எவ்வளவு சரியாகச் செய்கிறீர்களோ அதைப் பொறுத்து இரண்டாம் பகுதி கடினமானதாகவோ இலகுவானதாகவோ அமையும். ஆகவே இரண்டு பேரும் திறமையாக எழுதியிருந்தாலும் கேள்விகள் ஒத்துப்போகாது. ஒத்துப்போவதுபோல் தெரிந்தாலும் ஞாபகத்தை நம்ப முடியாது. கொமா ஒரு சொல் தள்ளி நின்றாலே சரியான விடை மாறிவிடும்.

கேள்வி: ‘ஹவெவர்’ வந்தால் அதற்கு முன்னால் அரைப்புள்ளி, பின்னால் கொமா என்றுதான் ரியூசனில் படித்தோம். வகுப்பில் இருவர் அரைப்புள்ளியை ‘ஹவெவர்’க்குப் பின்னால் போட்டதாகச் சொல்கிறார்கள். யார் சரி?
– மாணவன், மானிப்பாய்

பதில்: இரண்டு இடமும் சரியாக வரலாம். ‘ஹவெவர்’ காட்டும் முரண் எந்த இரண்டு கருத்துகளுக்கு நடுவில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

‘த பிரிட்ஜ் இஸ் ஸ்ட்ரோங்; ஹவெவர், லொறிஸ் ஆர் நொட் அலவ்ட்.’ பாலம் உறுதியானது, ஆனால் லொறிக்கு அனுமதி இல்லை. முரண் அடுத்த வசனத்தோடு இருப்பதால் அரைப்புள்ளி முன்னுக்கு வருகிறது.

இனி இதைப் பாருங்கள்: ‘த பிரிட்ஜ் இஸ் ஓல்ட். இட் இஸ் ஸ்ட்ரோங், ஹவெவர்; லொறிஸ் குரொஸ் இட் டெய்லி.’ பழைய பாலம்தான், ஆனாலும் உறுதியானது. முரண் இங்கே முந்திய வசனத்தோடு முடிந்துவிட்டது. லொறிகள் தினமும் போவது அந்த உறுதிக்குச் சான்று. அதில் முரண் எதுவும் இல்லை. எனவே ‘ஹவெவர்’ முதல் துண்டோடு சேர்ந்து நிற்க, அரைப்புள்ளி அதன் பின்னால் வருகிறது. கேள்வியின் கடைசி வசனத்தை மட்டும் வாசித்தவர்கள் இங்கே பிழைவிடுவார்கள். முதல் வசனத்திலிருந்து வாசிக்க வேண்டும்.

கேள்வி: ஞாபகத்தில் உள்ள கேள்விகளைத் திரட்டி வட்ஸ்அப் குழுவில் போடலாமா?
– மாணவன், சுன்னாகம்

பதில்: கூடாது. வினாக்களை வெளியே பகிர்வது பரீட்சையை நடத்தும் கொலேஜ் போர்ட்டின் விதிமுறைக்கு மாறானது. புள்ளிகளை ரத்துச்செய்யவும் அவர்களால் முடியும்.

கேள்வி: எட்டாண்டுகளாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகள் விதிகளை மனப்பாடமாகச் சொல்வார்கள், பரீட்சையில் பிழைவிடுவார்கள். எங்கே சறுக்குகிறது?
– ஆசிரியை, கரவெட்டி

பதில்: அனேகமான சறுக்கல்கள், தமிழில் பிழையில்லாத ஒன்று ஆங்கிலத்தில் பிழையாகும் இடங்களிலேயே நடக்கின்றன. பிள்ளையின் காதுக்கு அது பிழையாகவே கேட்காது. அதனால் ‘வாசித்துப் பார், சரியாக இருக்கிறதா’ என்று கேட்பதில் பயனில்லை.

முதலாவது, எழுவாயும் வினையும். பேச்சுத் தமிழில் ‘மாடுகள் வந்தது’ என்போம். அஃறிணைப் பன்மையோடு ஒருமை வினை உறுத்தாது. ஆங்கிலத்தில் அந்தச் சலுகை இல்லை. அதிலும் ‘த குவாலிட்டி ஒஃப் த மேங்கோஸ் ஃப்ரொம் ஜஃப்னா’ என்று தொடங்கினால் பிள்ளை ‘மேங்கோஸ்’ஐப் பார்த்து ‘ஆர்’ போடும். எழுவாய் ‘குவாலிட்டி’, ‘இஸ்’ தான் வரவேண்டும். ‘ஒஃப்’, ‘ஃப்ரொம்’ என்று தொடங்கும் துண்டுகளைப் பென்சிலால் வெட்டிவிட்டு மிஞ்சுவதை வாசிக்கப் பழக்குங்கள். கணினித் திரையில் வெட்ட முடியாதாகையால், மனத்தில் வெட்டும் பழக்கம் முன்கூட்டியே கையில் ஏறியிருக்க வேண்டும்.

இரண்டாவது, கொமாவால் இரண்டு முழு வசனங்களை ஒட்டுவது. ‘த பஸ் வோஸ் லேட், வீ வோக்ட் ஹோம்’ பிழை. தமிழில் ‘வந்து, சாப்பிட்டு, படுத்தான்’ என்று எச்சங்களைக் கொமாவால் அடுக்கிப் பழகிய கை அப்படித்தான் எழுதும். கொமாவின் ஒரு பக்கத்தை விரலால் மறைத்து மற்றப் பக்கத்தையும், பிறகு மாற்றியும் வாசிக்கச் சொல்லுங்கள். இரு பக்கமும் தனியே நின்றால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ ‘கொமா, சோ’ போன்ற இணைப்போ வேண்டும். விடைகளில் ஒன்றில் முற்றுப்புள்ளியும் இன்னொன்றில் அரைப்புள்ளியும் இருந்து மற்றெல்லாம் ஒன்றாக இருந்தால், இரண்டும் ஒரே வேலையைச் செய்வதால் அவை இரண்டுமே விடையாக முடியாது. முக்காற்புள்ளிக்கு (:) முன்னால் மட்டும் முழு வசனம் நின்றால் போதும்.

மூன்றாவதுதான் கெட்டிக்காரப் பிள்ளைகளையும் விழுத்துவது. ‘பள்ளிக்கூடம் போகேக்க மழை வந்திட்டுது’ என்பது நல்ல தமிழ். போனவர் யார் என்று கேட்பவருக்கு விளங்கும். இதையே ‘வோக்கிங் டு ஸ்கூல், த ரெய்ன் ஸ்டாட்டட்’ என்று எழுதினால், மழை பள்ளிக்கூடம் நடந்து போனதாகப் பொருளாகும். கொமாவுக்குப் பின் முதலில் வரும் பெயரே நடந்த ஆளாக இருக்க வேண்டும்: ‘வோக்கிங் டு ஸ்கூல், வீ கொட் வெட்.’ இத்தகைய வினாவில் நான்கு விடைகளையும் முழுதாக வாசிக்கத் தேவையில்லை. ஒவ்வொன்றின் எழுவாயை மட்டும் பார்த்தாலே மூன்று கழிந்துவிடும்.

கேள்வி: மகள் ஐந்து இலக்கணக் கேள்விகள் பிழை என்று சொல்லி அழுகிறாள். எத்தனை புள்ளி குறையும்?
– தாய், சாவகச்சேரி

பதில்: ஒரு பிழைக்கு இத்தனை என்று நிலையான கணக்கு இல்லை. ஆங்கிலப் பிரிவின் புள்ளி 200 முதல் 800 வரை. வினாக்களின் கடினமும், எந்த இரண்டாம் பகுதி வந்தது என்பதும் அதில் சேரும். 54 வினாக்களில் 4 வினாக்கள் பரிசோதனைக்காகச் சேர்க்கப்பட்டவை. அவற்றுக்குப் புள்ளியே இல்லை. எவை அந்த நான்கு என்று எழுதுபவருக்குத் தெரியாது. மகள் கணக்கிட்ட ஐந்தில் ஒன்றிரண்டு அவையாகவும் இருக்கலாம். பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதும் இல்லை. இலக்கணம் 11 முதல் 15 வினாக்கள்; ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. பெறுபேறு பெரும்பாலும் இரண்டு வாரமளவில் வரும். ஆங்கிலப் பிரிவின் நான்கு வினாத்துறைகளில் எது பலம், எது பலவீனம் என்று அதிலேயே காட்டுவார்கள். அதுவரை பிள்ளையைக் கணக்குப் பார்க்க விடாதீர்கள்.

திரும்ப எழுதும் எண்ணம் இருந்தால், கொலேஜ் போர்ட் இலவசமாகத் தரும் பயிற்சித் தாள்களை அச்சிட்டுச் சிநேகிதியோடு சேர்ந்து செய்யச் சொல்லுங்கள். பரீட்சை எழுதும் புளூபுக் செயலியிலுள்ள பயிற்சியில் இரண்டாம் பகுதி ஆளுக்காள் மாறலாம். அச்சுத் தாளில் இருவருக்கும் ஒரே கேள்வி. ஒவ்வொரு இலக்கண விடைக்கும் பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி எழுதட்டும். விடை ஒன்றாகவும் காரணம் வேறாகவும் இருக்கும் கேள்விகளைத்தான் முதலில் எடுத்துக் கதைக்க வேண்டும். அவற்றில் ஒருவராவது குருட்டுவாக்கில் சரியாகப் போட்டிருப்பார்.