நான்கு வருடம் முன் ஆறிய புண், இன்று வந்த ரத்த ரிப்போர்ட்

கேள்வி: எனக்கு வயது 33. வெளிநாட்டு வேலைக்காக மெடிக்கல் எடுத்ததில் வி.டி.ஆர்.எல். 1:8, டி.பி.எச்.ஏ. பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. இது சிபிலிஸ் என்ற பால்வினை நோய் என்கிறார்கள். கல்யாணத்துக்கு முன், நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு பெண்ணோடு பழக்கம் இருந்தது. சில வாரம் கழித்து உறுப்பில் வலியே இல்லாத ஒரு புண் வந்தது. மெடிக்கல் ஷாப்பில் களிம்பு வாங்கிப் போட்டேன், ஆறிவிட்டது. இரண்டு மாதம் கழித்து உள்ளங்கையில் செம்பழுப்புத் தடிப்புகள் வந்தன. சூட்டுக்கட்டி என்று விட்டுவிட்டேன், அதுவும் போய்விட்டது. அதன்பிறகு எந்தத் தொந்தரவும் இல்லை. திருமணமாகி மூன்று வருடம், ஒன்றரை வயதில் மகள். ஒரே தட்டில்தான் அவளுக்கு ஊட்டிவிட்டுச் சாப்பிடுகிறேன். மனைவிக்கும் மகளுக்கும் ஒட்டியிருக்குமா? ஊசி போட்டால் ரிப்போர்ட் நெகட்டிவ் ஆகிவிடுமா?

பதில்: உங்கள் களிம்புக்கு அந்தப் புண்ணை ஆற்றியதில் பங்கே கிடையாது. களிம்பு போடாமல் இருந்திருந்தாலும் மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் அது ஆறியிருக்கும். இந்த நோயில் பலர் ஏமாறுவது இங்கேதான். வலிக்கிற புண் என்றால் மறுநாளே டாக்டரிடம் ஓடுவார்கள். இது வலிக்காது, தானே வந்து தானே போகும். பெண்களுக்கோ பிறப்புறுப்பின் உட்பகுதியில் வந்து, வந்ததே தெரியாமல் மறையும். வாயிலும் ஆசனவாயிலும்கூட வரலாம்.

கிருமி உடலில் புகுந்து 10 முதல் 90 நாட்களுக்குள், சராசரியாக மூன்று வாரத்தில், அந்தப் புண் வரும். அதுதான் முதல் கட்டம். புண் ஆறும் நேரத்தில் கிருமி ரத்தத்தில் ஏறி உடல் முழுக்கப் பரவியிருக்கும். உங்கள் உள்ளங்கைத் தடிப்புகள் சூட்டுக்கட்டி அல்ல, இரண்டாம் கட்டத்தின் கையெழுத்து. அரிக்காது. உள்ளங்கை, உள்ளங்கால் என்று பொதுவாகத் தடிப்பு வராத இடங்களில் வரும். சிலருக்குக் காய்ச்சல், நெறிகட்டுதல், பூச்சி அரித்ததுபோலத் திட்டுத்திட்டாக முடி உதிர்தல், வாயில் வெள்ளைத் திட்டுகள் எல்லாம் சேர்ந்து வரும். அலர்ஜி என்று செட்டிரிசின் போடுவார்கள், சில வாரங்களில் அதுவும் அடங்கும். மாத்திரைக்கு நல்ல பெயர் கிடைக்கும்.

அடுத்து வருவது மறைநிலை. வெளியே ஒரு அடையாளமும் இருக்காது, ரத்தம் மட்டும் காட்டிக்கொடுக்கும். நீங்கள் இப்போது இருப்பது இங்கேதான். தொற்றி ஓரிரு வருடத்துக்குள் என்றால் முந்தைய மறைநிலை என்போம். நான்கு வருடம் என்பதால் உங்களுடையது பிந்தைய மறைநிலை. இப்படியே விட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு 10 முதல் 30 வருடம் கழித்து இதயத்தின் பெருந்தமனியோ, மூளையோ, தண்டுவடமோ, எலும்போ பாதிக்கப்படும். அந்தக் காலம் வரும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. மெடிக்கலில் மாட்டிக்கொண்டேனே என்று நீங்கள் வருந்தலாம். எனக்கு அது நல்ல செய்தி. ஒன்று மட்டும் கேட்கிறேன். பார்வை மங்கல், காதில் இரைச்சல், நடையில் தடுமாற்றம், விடாத தலைவலி ஏதாவது உண்டா? இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். நரம்பையும் கண்ணையும் காதையும் இந்தக் கிருமி எந்தக் கட்டத்திலும் தாக்கலாம். அப்போது சிகிச்சையே வேறு, முதுகுத்தண்டு நீரையும் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

சரி, ஒட்டுகிற விஷயத்துக்கு வருவோம். ஒரே தட்டு, துண்டு, கழிப்பறை, படுக்கை எதனாலும் இது வராது. இந்தக் கிருமி உடலுக்கு வெளியே வெகுநேரம் பிழைக்காது. ஈரமான புண்ணும் திட்டும் நேரடியாகப் பட்டால்தான் தொற்றும். ஆகவே முதல் இரண்டு கட்டங்களில்தான் தொற்றும் வேகம் அதிகம். முந்தைய மறைநிலையில் திட்டுகள் திரும்ப வரலாம் என்பதால் அப்போதும் ஆபத்து உண்டு. அதன்பிறகு உடலுறவு வழியாகப் பரவுவது மிக அரிது. நீங்கள் திருமணம் செய்தது புண் வந்து ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து. அந்த எல்லைக்கோட்டு நேரம் என்பதால், மனைவிக்குத் தொற்றியிருக்க வாய்ப்பு குறைவு என்பேன். இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மகளுக்கு வருவதானால் அம்மா வழியாகக் கருவில் வந்திருக்க வேண்டும். அம்மா மறைநிலையில் இருந்தாலும் நஞ்சுக்கொடி வழியே கிருமி குழந்தைக்குப் போகலாம். அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி.யோடு சேர்த்து இதற்கும் ரத்தம் எடுக்கிறோம். வீட்டில் அவருடைய கர்ப்பகாலப் பரிசோதனை அட்டையைத் தேடி எடுங்கள், அந்த முடிவு அதில் இருக்கக்கூடும். நெகட்டிவ் என்று இருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். ஆனாலும் மனைவிக்கு இப்போது இரண்டு பரிசோதனைகளும் எடுத்தாக வேண்டும். அவர் நெகட்டிவ் என்றால் மகளைப் பற்றிய கவலை தேவையில்லை. பாசிட்டிவ் என்றால் மகளையும் குழந்தை மருத்துவரிடம் காட்டி ரத்தம் பார்க்க வேண்டும். அவர் மறுபடி கர்ப்பமாக இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

"ரத்தசோகைக்கு டெஸ்ட் என்று சொல்லி எடுத்துவிடுங்கள் டாக்டர்" என்று கேட்கும் கணவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. தன் உடம்பில் எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது அவர் உரிமை. தனியாகச் சொல்லத் தயக்கம் என்றால் இருவரும் சேர்ந்து வாருங்கள் என்பேன், ஆலோசகர் முன்னால் பேசலாம். கல்யாணத்துக்கு முன் நடந்தது என்று நீங்களே சொல்வது, அவர் வேறு எங்கோ கேள்விப்படுவதைவிட நல்லது.

இனி ரிப்போர்ட். வி.டி.ஆர்.எல். கிருமியை நேரடியாகத் தேடும் சோதனை அல்ல. கிருமியால் திசுக்கள் சிதையும்போது உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை அளக்கிறது. 1:8 என்றால் உங்கள் ரத்தநீரை எட்டு மடங்கு நீர்க்கச் செய்த பிறகும் அது தென்படுகிறது என்று பொருள். 1:32 என்றால் இன்னும் அதிகம். கர்ப்பம், லூபஸ் (எதிர்ப்பாற்றல் சொந்த உடலையே தாக்கும் நோய்), தொழுநோய், மலேரியா, முதுமை இவற்றாலும் இது பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம். பெரும்பாலும் சிறிய எண்ணாகவே இருக்கும். அதனால் டி.பி.எச்.ஏ. போன்ற, இந்தக் கிருமிக்கே உரிய எதிர்ப்பொருளைத் தேடும் சோதனையால் உறுதிப்படுத்துகிறோம். உங்களுக்கு இரண்டுமே பாசிட்டிவ், புண்ணின் கதையும் பொருந்துகிறது. சந்தேகத்துக்கு இடமில்லை. (புண் வந்த முதல் ஒன்றிரண்டு வாரத்தில் சோதித்தால் நெகட்டிவ் காட்டலாம். அதை நம்பி வீட்டுக்குப் போனவர்களும் உண்டு.)

டி.பி.எச்.ஏ. பச்சை குத்தியது மாதிரி. நோய் முழுக்கக் குணமானாலும் பெரும்பாலானோருக்கு ஆயுள் முழுக்கப் பாசிட்டிவாகவே இருக்கும். நாளைக்கு அதைப் பார்த்து யாராவது மறுபடி ஊசி எழுதினால் கேள்வி கேளுங்கள். குணமாகிறதா என்று பார்ப்பது வி.டி.ஆர்.எல். எண்ணை வைத்துத்தான். 1:8 என்பது 1:2 ஆக, அதாவது நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் நல்ல பதில். உங்களைப் போல வெகுநாள் ஆனவர்களுக்குச் சிறிய எண் ஒன்று இறங்காமல் தங்கிவிடுவதும் உண்டு. அது தோல்வி அல்ல. ஏறினால்தான் கவலை. 6, 12, 24 மாதங்களில் முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள்.

சிகிச்சை இன்றும் பென்சிலின்தான். இது இந்த நோயைக் குணப்படுத்தும் என்று 1943-இல் தெரியவரும் முன் பாதரசமும் ஆர்சனிக்கும் கொடுத்து, நோயைவிட மருந்தால் அவதிப்பட்டார்கள். நம் ஊரில் இதற்குப் பறங்கிப்புண் என்று பெயர், மருந்துக்குப் பறங்கிப்பட்டை. இப்போதும் அந்தப் பட்டைச் சூரணத்தை ஆறு மாதம் சாப்பிட்டுவிட்டு வருபவர்களைப் பார்க்கிறேன். வேண்டாம். உங்கள் கட்டத்துக்கு பென்சத்தீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட், வாரம் ஒருமுறை என மூன்று வாரம், இடுப்பில். ஊசி நன்றாகவே வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். முதல் ஊசி அன்று காய்ச்சலும் உடல்வலியும் வரலாம், ஒரு நாளில் போய்விடும். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், டாக்சிசைக்ளின் மாத்திரை இருக்கிறது. ஆனால் கர்ப்பிணிகளுக்கு அதைத் தர முடியாது. கூடவே எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். மூன்று ஊசியும் முடிந்து மனைவியின் முடிவும் வரும்வரை உடலுறவு வேண்டாம். ஒருமுறை குணமானாலும் இந்த நோய் மறுபடி தொற்றலாம்.

அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவில் இதெல்லாம் இலவசம், விவரம் ரகசியமாக வைக்கப்படும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097 என்ற உதவி எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். வேலைக்குத் தகுதியா இல்லையா என்பது அந்த நாட்டு விதி, அதில் நான் வாக்குக் கொடுக்க முடியாது. மூன்று ஊசி போட்ட தேதிகள், அளவு, முன்னும் பின்னும் எடுத்த வி.டி.ஆர்.எல். எண்கள் எல்லாவற்றையும் கையெழுத்தோடு எழுதி வாங்கி வையுங்கள். டி.பி.எச்.ஏ. பாசிட்டிவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தும் அடுத்த மருத்துவரிடம் காட்ட அந்தத் தாள் வேண்டும்.