குடும்பம், வேலை இரண்டுக்கும் நடுவே டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். இலக்கை எப்படி வைப்பது, வீட்டில் என்ன உதவி கேட்பது?

கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது: இரண்டு சின்னக் குழந்தைகள், தனியார் வேலை, குரூப் 4 எழுதி அரசு வேலைக்குப் போக ஆசை. வீட்டில் எல்லாரும் "நீ படி, நாங்க இருக்கோம்" என்கிறார்கள். ஆனாலும் படிப்பு நகரவில்லை.

நான் 2022 ஜூலையில் இந்தத் தேர்வை எழுதினேன். இப்போது இளநிலை உதவியாளர். அப்போது ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டில் வீட்டுக்காரர், ஆறாம் வகுப்பு படிக்கும் மகள், மாமனார், மாமியார். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் இலக்கைப் பற்றி. "அரசு வேலை வாங்க வேண்டும்" என்பது ஊரே சேர்ந்து நமக்கு வைக்கும் இலக்கு. கல்யாண வீட்டில் யாரும் "இப்ப என்ன பண்ற?" என்று கேட்கப் போவதில்லை என்றாலும் இது உங்களுக்கு வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள். வேண்டும் என்றால், புத்தகத்தைத் தொடும் முன்பே வீட்டில் பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பாஸானவர்களைக் கூப்பிட்டு இடம் ஒதுக்கும் கலந்தாய்வில் தரவரிசைப்படிதான் இடம் கிடைக்கும். வேறு மாவட்டத்தில் போஸ்டிங் வந்தால் போவீர்களா? குழந்தைகள் யாருடன் இருப்பார்கள்? பலர் பாஸான பிறகுதான் இதைப் பேசுகிறார்கள், சண்டையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நாங்கள் விண்ணப்பிக்கும் முன்பே பேசினோம். எவ்வளவு தூரம் வரை போகலாம், மகளைப் பள்ளி மாற்றலாமா என்று எல்லாம் அலசி ஒரு முடிவுக்கு வந்தோம். அதன் பிறகுதான் இது என் தனி ஆசையாக இல்லாமல் வீட்டுத் திட்டமாக ஆனது.

அடுத்து, "பாஸாக வேண்டும்" என்பதை இலக்காக வைக்காதீர்கள். நான் எழுதிய வருடம் அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். ஜூலையில் எழுதிய தேர்வுக்கு அடுத்த மார்ச்சில்தான் முடிவு வந்தது. பிறகு இடங்களைப் பத்தாயிரத்துக்கு மேல் உயர்த்தினார்கள். இதில் எதுவும் நம் கையில் இல்லை. கட்-ஆஃப் எங்கே நிற்கும் என்று யூடியூபில் ஜோசியம் கேட்டுக்கொண்டிருந்தால் மனசுதான் கெடும்.

நம் கையில் இருப்பது வாரக் கணக்கு. குரூப் 4-இல் முதன்மைத் தேர்வு, நேர்முகம் எதுவும் கிடையாது. ஒரே தாள், 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். பாதி தமிழ். பொது அறிவு 75 கேள்வி, கணக்கும் திறனறிவும் 25 கேள்வி. தமிழ்ப் பகுதியில் 150 மதிப்பெண்ணுக்கு 60 எடுக்கவில்லை என்றால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் தமிழில் தொடங்கினேன். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளிப் பாடநூல்கள்தான் அடித்தளம். இந்த வாரம் ஏழாம் வகுப்புத் தமிழில் இத்தனை இயல், கணக்கில் தனிவட்டி மட்டும் என்று காலண்டரில் எழுதி வைத்தால், ஞாயிற்றுக்கிழமை "முடிந்தது" என்றோ "முடியவில்லை" என்றோ சொல்ல முடியும். அப்படிச் சொல்ல முடியாத எதையும் நான் இலக்குக் கணக்கில் சேர்க்கவில்லை. பாடத்திட்டம் இடையில் மாறியிருக்கிறது. யாரோ கொடுத்த பழைய நோட்ஸை நம்பாமல் தேர்வாணையத்தின் இணையதளத்தில் இப்போதையதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். "நாங்க இருக்கோம்" என்று வீட்டில் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் எப்போது, எதற்கு இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. எங்கள் அத்தையும் "நீ படிம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றுதான் சொன்னார். பத்து நிமிஷத்தில் "அந்தக் குக்கரை மட்டும் கொஞ்சம் இறக்கிடும்மா" என்பார். அவர் மேல் தப்பில்லை, நான் சும்மா உட்கார்ந்திருப்பது போலத்தானே தெரிந்திருக்கும்!

அதனால் ஒவ்வொருவரிடமும் ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் கேட்டேன். காலைச் சமையல் என்னுடையது, இரவுச் சமையல் அத்தையுடையது. ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை மகளுக்கு எது வேண்டுமென்றாலும் அப்பாவைத்தான் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் நான் அறைக்குள், போன் வெளியே. ஞாயிறு காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை, அதாவது தேர்வு நடக்கும் அதே நேரத்தில், கிளை நூலகத்தில் மாதிரித் தேர்வு. தமிழ்வழிச் சான்றிதழுக்காக நான் படித்த பள்ளிக்கு அலைந்தது வீட்டுக்காரர். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது, அந்தச் சான்றிதழைக் கடைசி நேரத்தில் தேடக் கூடாது. மாமாவுக்குக் குறள் மனப்பாடம். சாப்பிடும்போது முதல் இரண்டு சொல்லைச் சொல்வார், மிச்சத்தை நான் முடிக்க வேண்டும். படிப்பில் அவர் செய்த உதவி அவ்வளவுதான், ஆனால் பெரிய உதவி. மகளோடு ஆறாம் வகுப்புப் புத்தகத்துக்குப் போட்டியே நடந்தது.

ஒன்றை மறக்க வேண்டாம். உதவி செய்கிறவருக்கும் களைப்பு உண்டு. அறுபது தாண்டிய அத்தையை "நான் பாஸாகும் வரை" இரவுச் சமையல் செய்யச் சொல்ல முடியாது. தேர்வுத் தேதி வரைக்கும்தான் என்று சொல்லிக் கேட்டேன். தேர்வு முடிந்த மறுவாரம் அவர் தன் மகள் வீட்டுக்குப் போய் நிம்மதியாக இருந்துவிட்டு வந்தார். முடியும் நாள் தெரிந்தால் யாரும் முகம் சுளிக்காமல் செய்வார்கள்.

எல்லாருக்கும் இப்படி வீடு அமையாது. வீட்டில் ஆதரவு இல்லை என்றால் வெளியே தேடுவதில் வெட்கம் வேண்டாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் மூலம் இலவசப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. வகுப்பைவிட அங்கே கிடைக்கும் கூட்டாளிதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது: ஞாயிறு மதியம் போன் செய்து "எத்தனை சரி?" என்று கேட்க ஒருவர். அப்புறம், அறிவுரை சொல்லாமல் காது கொடுக்க இன்னொருவர் வேண்டும். எனக்கு என் அக்கா. அவளுக்குத் தேர்வைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதனாலேயே பேச நன்றாக இருந்தது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் அறிவிக்காதீர்கள், கேள்வி கேட்க மட்டும் ஆள் கூடும்.

எத்தனை முறை எழுதுவது என்பதையும் இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள். இரண்டு முறை என்றால் இரண்டு முறை. அதற்குப் பிறகு தொடர்வதாக இருந்தால் மறுபடி எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

அம்மா வீடு பக்கத்துத் தெரு என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாயிறு காலை மூன்றரை மணி நேரம் குழந்தைகளை அங்கே விடலாமா என்று இந்த வாரமே கேளுங்கள். "பாக்கலாம்" என்று அம்மா சொன்னால் விடாதீர்கள், எந்த ஞாயிறிலிருந்து என்று கேளுங்கள். முடியாது என்று சொன்னால் கோபப்பட வேண்டாம், அந்த நேரத்தைக் கணவரிடம் கேளுங்கள்.