புது பிக்கப்பில் என்ஜின் சத்தம்: 'அப்படித்தான் இருக்கும்' என்று ஷோரூம் சொன்னால்?

கேள்வி: எனக்கு ஒட்டன்சத்திரம் பக்கம். கொடைக்கானல் மேல்மலையிலிருந்து காய்கறி லோடு இறக்கும் தொழில். நாலு மாதத்துக்கு முன் ஒன்பதரை லட்ச ரூபாய்க்கு ஃபைனான்ஸ் போட்டுப் புது டீசல் பிக்கப் எடுத்தேன். நானே ஓட்டுகிறேன், முடியாத நாளில் மச்சான் ஓட்டுவார். இரண்டாவது மாதத்திலிருந்து என்ஜினில் 'டக் டக்' என்று சத்தம். மூன்று முறை ஷோரூமில் விட்டும், 'டீசல் வண்டி அப்படித்தான், ஓட ஓட சரியாகிவிடும்' என்றார்கள். இப்போது என்ஜினை இறக்கிப் பார்க்கிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். லோடு வண்டிக்கு நுகர்வோர் கோர்ட் கிடையாது என்கிறார் தெரிந்த ஒருவர். வண்டியை மாற்றி வாங்க முடியுமா?

பதில்: தெரிந்தவர் சொன்னது உங்கள் விஷயத்தில் தவறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோராக ஏற்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிய பொருள் வணிக நோக்கம் ஆகாது என்று பிரிவு 2(7)இன் விளக்கமே சொல்கிறது. 1995இல் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில், லாரி வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான் என்றும், ஓரிருவரை உதவிக்கு வைத்துக்கொண்டால் அந்த உரிமை போய்விடாது என்றும் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே மச்சான் சில நாள் ஓட்டுவது பிரச்சினை இல்லை. 'சுயதொழில் மூலம் பிழைப்புக்காக வாங்கி நானே ஓட்டுகிறேன்' என்ற வரி மட்டும் புகார் மனுவில் கட்டாயம் இருக்கட்டும். உங்கள் பெயரில் உள்ள ஆர்.சி.யையும் லைசென்ஸையும் சேர்த்துக் கொடுங்கள்.

உண்மையான சிக்கல் வேறு. ஷோரூமில் வாயால் சொன்ன சத்தம் நுகர்வோர் ஆணையத்தில், அதாவது நீங்கள் சொல்லும் நுகர்வோர் கோர்ட்டில், எடுபடாது. அது பேப்பரில் ஏறியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு முறை வண்டியை விடும்போதும் ஷோரூம் எழுதித் தரும் வேலைச் சீட்டுதான் ஜாப் கார்டு. அந்த மூன்று ஜாப் கார்டுகளையும் எடுத்து, வாடிக்கையாளர் புகார் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'ஜெனரல் செக்கப்' என்றோ, 'செக் செய்தோம், ஓகே' என்றோ இருக்கும். இந்த ஒரு வரியை வைத்தே, வண்டியில் குறையே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும். நியாயமான எத்தனையோ புகார்கள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன. அதனால் அடுத்த முறை உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள்: 'காலை முதல் ஸ்டார்ட்டில் சத்தம் இல்லை. என்ஜின் சூடான பிறகு, லோடோடு இரண்டாவது கியரில் மலை ஏறும்போது டக் டக் என்று வருகிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் குறைகிறது.' இப்படி எழுதிய பிறகே கையெழுத்து. வண்டியைத் திரும்ப எடுக்கும்போது திருப்தி என்ற இடத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். அதற்கு மேலே 'சத்தம் நிற்கவில்லை' என்று எழுதிவிட்டுப் போடுங்கள். எழுத விடவில்லையென்றால் அன்றைக்கே ஷோரூமுக்கும் கம்பெனிக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

சத்தத்தை விவரியுங்கள், காரணத்தை நீங்கள் தீர்மானிக்காதீர்கள். காலை ஸ்டார்ட்டில் வந்து, ஆயில் மேலே ஏறியதும் அடங்கும் சத்தம் டாப்பெட் பக்கமாக இருக்கலாம். ஐடிலில் சீராகக் கேட்கும் மெல்லிய டிக் டிக் இன்ஜெக்டருடையதாக இருந்தால் அது இயல்பானதே. லோடில் கனத்து, வேகத்தோடு கூடும் தட்டல்தான் பேரிங், கனெக்டிங் ராடு பக்கம் சந்தேகம் கிளப்புவது. நீங்களே 'பேரிங் போய்விட்டது' என்று எழுதி, நிபுணர் வேறொன்றைச் சொன்னால் உங்கள் மனுவே உங்களுக்கு எதிராக நிற்கும். அந்தத் தட்டலோடு ஆயில் லைட்டும் எரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் 'தெரிந்தே ஓட்டிக் கெடுத்தார்' என்பார்கள்.

சத்தத்தை வீடியோ எடுக்கும்போது மீட்டரில் கிலோமீட்டரும் ஆர்.பி.எம்.மும் தெரியட்டும். எடுத்த ஃபோனிலிருந்து அதை அழிக்காதீர்கள். தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63இல் சொன்ன, மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழையும் இணைத்தால் ஆட்சேபணைக்கு இடமில்லை.

என்ஜினை இறக்கும் கையெழுத்தை இப்படியே போடாதீர்கள். பிரித்துப் பூட்டிவிட்டால், முதலில் என்ன குறை இருந்தது என்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. என்ன சந்தேகம், எதை மாற்றப் போகிறார்கள், கழற்றும் பாகங்களைக் காட்டுவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். அதற்கு முன் ஓட்டிப் பார்த்து, சத்தம் இருப்பதை ஜாப் கார்டில் பதியச் சொல்லுங்கள். உங்களுக்கு நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர் பார்த்து அறிக்கை தந்தால் இன்னும் நல்லது. ஆனால் வெளி மெக்கானிக் யாரும் ஸ்பேனரை வைக்கக் கூடாது. வாரண்டியைக் காட்டித் தப்பிக்க அது போதும். சர்வீஸ் தேதி தவறுவதும் ஓவர்லோடும் அதே போலத்தான்.

அப்புறம் ஒரு வக்கீல் நோட்டீஸ். ஷோரூம், தயாரிப்பு நிறுவனம் இரண்டுக்கும் போக வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 35இன் கீழ் மாவட்ட ஆணையத்தில் புகார். ஷோரூம் வேறு மாவட்டத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருப்பது திண்டுக்கல் மாவட்டம் என்பதால் திண்டுக்கல்லிலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட ஆணையமே போதும். உங்கள் விலைக்குக் கட்டணம் 200 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு, ஆனால் தள்ளிப்போடாதீர்கள். மனுவோடேயே பிரிவு 38(2)(c)இன் கீழ் நிபுணர் பரிசோதனை கேளுங்கள். பரிசோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளும்.

புது வண்டி கிடைக்குமா என்றால், அது எளிதல்ல. மாற்றக்கூடிய பாகத்தில் குறை என்றால் பாகத்தை மாற்றினால் போதும் என்று 2006இல் மாருதி உத்யோக் - சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே புது என்ஜின், இல்லையேல் புது வண்டி, இல்லையேல் கொடுத்த விலையைத் திருப்பித் தருவது என்று மாற்றுக் கோரிக்கைகளாகக் கேளுங்கள். வண்டி ஷோரூமில் நின்ற நாட்களின் வருமான இழப்பை, மார்க்கெட் சீட்டுகளை வைத்துத் தனியாகக் கேளுங்கள்.

கோபத்தில் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஃபைனான்ஸ் ஒப்பந்தம் தனி. அவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டால் பரிசோதிக்க வண்டியே கையில் இருக்காது.