கர்ப்பப்பை எடுத்து மூன்றாவது வாரம்: வீட்டைச் சமாளிப்பது எப்படி?

கேள்வி: எனக்கு 46 வயது. பைப்ரொயிட் கட்டியும் கடும் இரத்தப்போக்கும் இருந்ததால் வயிற்றை வெட்டிக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். சூலகம் இரண்டையும் விட்டிருப்பதாகச் சொன்னார்கள். இப்போது மூன்றாவது வாரம். இவருக்குக் கிளிநொச்சியில் வேலை. காலை ஆறு மணிக்கு பஸ் ஏறினால் பொழுதுபட்டுத்தான் வருவார். மாமி பாரிசவாதம் வந்து படுக்கையில். மகன் இந்த முறை ஏ.எல். எடுக்கிறான், மகள் தரம் 9. அம்மா வந்து நின்று பார்த்துவிட்டு ஊருக்குப் போய்விட்டா. இப்போது சமையல், மாமியைப் பார்ப்பது எல்லாம் மெல்ல மெல்ல என் தலையில் வந்துவிட்டது. பின்னேரமானால் அடிவயிறு இழுக்கிறது. காரணமில்லாமல் அழுகை வருகிறது. “எத்தனை பேர் ஒப்பரேஷன் செய்துபோட்டு எழும்பி ஓடித் திரியினம்” என்று மச்சாளும் ஒரு கதை சொன்னா. எப்போது பழையபடி வேலை செய்யலாம்? அதுவரைக்கும் என்ன செய்வது?
(கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகி)

பதில்: வயிற்றை வெட்டிச் செய்த சத்திரசிகிச்சை என்றால் பாரம் தூக்குவதற்கு ஆறு வாரம் முழுத் தடை. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் பெரும்பாலானவர்கள் அன்றாட வேலைகளுக்குத் திரும்பிவிடுவார்கள். களைப்பு முற்றாக விட இரண்டு மூன்று மாதம் பிடிப்பதும் சாதாரணம். கமரா வைத்தோ யோனி வழியாகவோ எடுத்தவர்கள் இதைவிட விரைவாக எழும்புவார்கள். மச்சாள் சொன்ன “எத்தனை பேர்” அநேகமாக அவர்கள்தான். அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

மூன்றாவது வாரம்தான் ஆளை ஏமாற்றுகிற வாரம். வெளித்தையல் காய்ந்துவிடும், முகம் தெளிந்துவிடும், பார்ப்பவர்களுக்கு நீங்கள் சுகமானவர். உள்ளே வயிற்றுத் தசையை மூடியிருக்கும் உறையும், கர்ப்பப்பைக் கழுத்தையும் எடுத்திருந்தால் யோனியின் மேல்முனையில் போட்ட தையலும் இன்னும் பொருந்திக்கொண்டிருக்கின்றன. பின்னேரம் வரும் அந்த இழுவை, அன்று காலையில் செய்த வேலைக்கான கணக்கு. காலையில் என்ன தூக்கினீர்கள், எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று யோசித்துப் பாருங்கள், பிடிபடும்.

ஒன்றைக் கவனித்திருக்கிறேன். எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை ஒரு ஒழுங்கு இருக்கிறது. தாய் வந்து நிற்பா, சரக்குத் தூள் இடிபடும், அவளைக் குசினிப் பக்கம் விடமாட்டார்கள். கர்ப்பப்பையை எடுத்தவளுக்கு அப்படியொரு ஒழுங்கு இல்லை. சிசேரியன் என்றால் அங்கேயும் வயிறு வெட்டுவது அநேகமாக அதே இடத்தில்தான். வயதோ கூட, இரத்தமோ குறைவு. ஆனாலும் கையில் குழந்தை இல்லாததால் வீடு அதை ஓய்வுக்குரிய விஷயமாக எடுப்பதில்லை. ஆகவே அந்த ஒழுங்கை நீங்களே திகதி போட்டு உண்டாக்க வேண்டியிருக்கிறது. ஒப்பரேஷன் நடந்த நாளிலிருந்து ஆறு வாரத்தைக் கலண்டரில் எண்ணி, அந்த நாளை வட்டமிட்டு, எல்லோர் கண்ணிலும் படும்படி குசினிச் சுவரில் கொழுவுங்கள். “கொஞ்ச நாளைக்குப் பாரம் தூக்கக் கூடாதாம்” என்ற சொல் இரண்டு நாளில் மறந்துபோகும். திகதி மறக்காது.

பாரம் என்றால் எது என்று தெரியாமல்தான் பலரும் பிழைவிடுகிறார்கள். பத்து லீற்றர் வாளி நிறையத் தண்ணீர் பத்துக் கிலோ. சமையல் வாயுச் சிலிண்டரில் வாயு மட்டும் 12.5 கிலோ, இரும்பின் பாரம் வேறு. கிணற்றில் அள்ளுவது, தோய்த்த ஈரப் போர்வையைப் பிழிந்து கொடியில் போடுவது, துருவலையில் குந்தியிருந்து தேங்காய் துருவுவது, இடியப்ப உரலை அமத்துவது, முற்றம் குனிந்து கூட்டுவது எல்லாமே அடிவயிற்றில்தான் போய் முட்டும். இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். தராசு தேவையில்லை: மூச்சை அடக்கினால்தான் ஒன்று கிளம்பும் என்றால் அதைக் கீழே வையுங்கள். காய் நறுக்குவது, கதிரையில் இருந்து உடுப்பு மடிப்பது, சிறிய சட்டியில் ஒரு கறி வைப்பது இப்போது பரவாயில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயமான இடம் மாமியின் கட்டில். பாரிசவாதம் வந்தவரைப் புரட்டுவது, எழுப்பி இருத்துவது, கொமோட்டுக்கு மாற்றுவது எல்லாம் சுகதேகியான ஒருவருக்கே நாரி பிடிக்கும் வேலைகள். அவர் சரியும்போது நீங்கள் யோசிக்காமல் பிடிப்பீர்கள். அந்த ஒரு கணம் போதும், தையல் விடுவதற்கும் பிறகு குடலிறக்கம் வருவதற்கும். ஆறு வாரம் முடியும்வரை மாமியைத் தூக்குவது உங்கள் வேலை அல்ல. முடிந்த பிறகும் தனியே தூக்காதீர்கள். பக்கத்தில் கதிரை போட்டிருந்து சாப்பாடு தீத்தலாம், குளிசை எடுத்துக் கொடுக்கலாம், கதைத்துக்கொண்டிருக்கலாம். அவ்வளவும் செய்தாலே நல்ல மருமகள்தான்.

அப்படியானால் யார் தூக்குவது? இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் கதை குழம்புகிறது. நாங்கள் “கொஞ்சம் உதவி செய்யுங்கோ” என்கிறோம். அவர்களும் செய்வார்கள், சொன்ன நேரம், சொன்ன வேலையை மட்டும். எதை எப்போது செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கும் வேலை உங்களிடமே நிற்கும். படுத்திருந்தும் மூளை ஓயாது. ஆகவே வேலையை முழுதாக ஒருவரின் பெயருக்கு எழுதிவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எல்லோரையும் இருத்தி, மகளின் பழைய கொப்பியில் வீட்டில் ஒரு நாளைக்கு நடக்கும் வேலைகளைக் காலையிலிருந்து வரிசையாக எழுதுங்கள். மாமிக்குப் பம்பேர்ஸ் முடிகிறதா என்று பார்ப்பது, கரண்ட் பில் கட்டுவது, மகளின் ரியூசன் காசு ஆகியவையும் அதில் வர வேண்டும். எழுதி முடிக்கும்போது உங்கள் கணவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். இருக்கட்டும். பிறகு ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு பெயர்.

ஆறு மணி பஸ்ஸுக்குப் போகிறவர் ஐந்துக்கு எழும்பினால் மோட்டரைப் போட்டுத் தொட்டியை நிரப்பலாம், அன்றைய தேங்காயைத் துருவிப் பிரிட்ஜில் வைக்கலாம், தாயைச் சரித்துப் படுக்கை மாற்றலாம். இரவில் மாமி கூப்பிட்டால் எழும்புவதும் அவர்தான். நித்திரை முறிந்தால் உங்கள் காயம் ஆறுவதும் பிந்தும், அழுகையும் கூடும். உடம்பு துடைத்து உடுப்பு மாற்ற ஒரு பெண் வந்தால்தான் மாமிக்குக் கூச்சமிருக்காது. அதற்கு மச்சாளைக் கேளுங்கள். அது அவவின் தாய். கோல் எடுத்துக் கேட்க வேண்டியது நீங்களல்ல, அவவின் சகோதரம். நீங்கள் கேட்டால் குறையாகப் போகும், அவர் கேட்டால் கடமையாகப் போகும். மச்சாளால் முடியாவிட்டால் காலையில் இரண்டு மணித்தியாலம் சம்பளத்துக்கு ஒருவரைப் பிடியுங்கள். கனடாவிலோ லண்டனிலோ சகோதரங்கள் இருந்து “என்ன வேணும்” என்று கேட்டால், வாய் திறந்து அந்தச் சம்பளத்தைக் கேளுங்கள். பார்சலில் வரும் சொக்லேட்டை விட அது உதவும்.

மகனைப் பற்றி: ஏ.எல். பிள்ளையைக் கோயில் விக்கிரகம் போல வைத்திருப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். றைஸ் குக்கரில் அரிசி போடுவதாலும், சிலிண்டரை மாற்றுவதாலும், இரவுச் சட்டிபானை கழுவுவதாலும் எவருடைய பல்கலைக்கழக இசட் புள்ளியும் குறைந்ததில்லை. அவனை விட்டுவிட்டு எல்லாவற்றையும் மகளின் பெயருக்கு எழுதிவிடாதீர்கள். அவளுக்கும் பள்ளிக்கூடம் இருக்கிறது.

இனிச் சுகம் விசாரிக்க வருகிறவர்கள். அன்பில்தான் வருகிறார்கள். ஆனால் வந்தால் மனிசி எழும்பித் தேத்தண்ணி போட வேண்டும், பக்கத்தில் இருந்து அவர்களின் ஒப்பரேஷன் கதையையும் கேட்க வேண்டும். பின்னேரம் நாலரைக்குப் பிறகு வரச் சொல்லுங்கள், தேத்தண்ணிக்குப் பிள்ளைகள் பொறுப்பு. நெருங்கினவர்கள் கேட்டால் ஹோர்லிக்ஸ் வேண்டாம், ஒரு நாளைக்கு மத்தியானக் கறி தந்தால் போதும் என்று சொல்லுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். அவர்களுக்கோ என்ன கொண்டுவருவது என்ற யோசனை தீரும்.

ஓய்வு என்றால் நாள் முழுக்கக் கட்டில் அல்ல. அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து இருக்கிறது. வீட்டு ஒழுங்கையில் காலையும் மாலையும் மெதுவாக நடந்து, சில நாளுக்கொருமுறை கொஞ்சம் கூட்டுங்கள். மத்தியானம் ஒரு மணித்தியாலம் கதவைச் சாத்திப் படுங்கள், ஃபோனை வேறு அறையில் வைத்துவிட்டு. எழும்பும்போது நேரே நிமிராமல் பக்கவாட்டாகத் திரும்பி, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழும்புங்கள். இருமும்போதும் தும்மும்போதும் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடியுங்கள். நோவைப் பொறுத்துக்கொண்டு திரிவதில் பெருமை எதுவும் இல்லை: பனடோல் 500 மில்லிகிராம் இரண்டு குளிசை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை போடலாம். 24 மணித்தியாலத்தில் எட்டைத் தாண்டக் கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவர்களும் உடல் நிறை 50 கிலோவுக்குக் குறைந்தவர்களும் வைத்தியரைக் கேட்டே போட வேண்டும்.

பல மாதம் இரத்தம் போனவர் நீங்கள். உங்கள் களைப்பில் ஒரு பங்கு இரத்தச்சோகையாக இருக்கலாம். தந்த இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடோ பால்மாவோடோ போட்டால் பாதிப் பயன் வீண். தேசிக்காய்த் தண்ணியோடு போட்டு, தேத்தண்ணியை இரண்டு மணித்தியாலம் தள்ளி வையுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் வந்தால் முக்காதீர்கள். பப்பாசிப்பழம், கீரை, போதிய தண்ணீர், அதற்கும் மசியாவிட்டால் கிளினிக்கில் மருந்து கேளுங்கள். “மீனும் முட்டையும் காயத்தைச் சீழ் பிடிக்க வைக்கும், கிரந்தி” என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அது பிழை, காயம் ஆறப் புரதம் வேண்டும். முருங்கையிலையும் சின்ன மீனும் போட்ட பத்தியக் கறி நல்லதுதான், அதைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். தண்ணீரைக் குறைக்கும் பத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

அழுகைக்கு வருவோம். சூலகங்கள் இருப்பதால் உங்களுக்கு மாதவிடாய் முடிவின் மாற்றங்கள் உடனடியாக வருவதில்லை. சிலருக்கு அது கொஞ்சம் முந்தி வரலாம், அது பிறகு பார்க்கும் விஷயம். சூலகத்தையும் எடுத்தவர்களுக்குத் திடீரென உடம்பு கொதிப்பதும் நித்திரையின்மையும் எரிச்சலும் வரும். அவர்கள் ஹோர்மோன் சிகிச்சை பற்றி வைத்தியரிடம் கேட்க வேண்டும். உங்கள் அழுகைக்கு உடற்சோர்வு, குறைந்த இரத்தம், முறிந்த நித்திரை, கேட்ட கதை ஆகியவையே போதிய காரணம். கர்ப்பப்பை போனால் பெண் தன்மை போய்விடும் என்று யாராவது சொன்னால், அது உடற்கூறு தெரியாத பேச்சு. பெண்ணின் ஹோர்மோனைச் சுரப்பது சூலகம்.

உங்கள் வயதுக்காரர்களிடம் இன்னொன்றையும் காண்கிறேன். 1995 இடப்பெயர்வில் மூட்டை சுமந்து நடந்த பிள்ளைகள் நீங்கள். தாங்கிக்கொள்வதைச் சிறுவயதிலேயே பழகியவர்கள். ஓடியாடித் திரியும்போது அமுங்கிக் கிடந்த பழைய நினைவுகள் சும்மா படுத்திருக்கும் நாட்களில் மேலே வரும். யாரோடாவது கதையுங்கள், அம்மாவோடோ ஒரு சிநேகிதியோடோ. ஆனால் நாள் முழுக்க மனம் இருண்டு, பிடித்ததிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய மனச்சோர்வு. யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது. உயிரை விடும் எண்ணம் எட்டிப் பார்த்தாலே, எந்த நேரமானாலும் 1926 தேசிய உளநல இலக்கத்துக்கு எடுத்துக் கதையுங்கள்.

இவை தெரிந்தால் கிளினிக் நாள்வரை காத்திருக்காதீர்கள்: 38 பாகைக்கு மேல் காய்ச்சல், காயம் சிவந்து ஊனம் வடிதல், நாற்றமுள்ள வெள்ளை, பாட் நனையும்படி புது இரத்தம், சலம் எரிவது அல்லது அடைப்பது, அறியாமலே சலம் கசிந்துகொண்டிருப்பது, வயிறு ஊதி ஓயாத வாந்தி. கொஞ்சம் மண்ணிறமாகக் கசிவது சில வாரம் இருக்கலாம், அது பிரச்சினையில்லை. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு நொந்தாலோ உடனே 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

ஸ்கூட்டியும் சைக்கிளும் ஆறு வாரத்துக்குப் பிறகு, சடுதியாகப் பிரேக் பிடித்தாலும் வயிறு நோகாது என்று தெரிந்தபின். நல்லூரில் அடி அழிப்பதாக நேர்த்தி வைத்திருந்தால் அடுத்த திருவிழாவுக்குத் தள்ளுங்கள். விழுந்து எழும்பும் அந்த நேர்த்தியை இந்த வயிறு தாங்காது, முருகன் கணக்குப் பார்க்கமாட்டார். தாம்பத்தியமும் ஆறு வாரப் பரிசோதனை முடிந்த பிறகுதான். இதைக் கேட்க வெட்கப்பட்டு அந்தரப்படுகிறவர்கள் நிறைய. கிளினிக்கிலுள்ள மிஸ்ஸியிடம் (தாதியிடம்) தனியாகக் கேட்டாலும் சொல்வா.

அந்தக் கிளினிக்குக்குப் போகும்போது இரண்டு விஷயத்தைக் கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். கர்ப்பப்பைக் கழுத்தையும் எடுத்தார்களா, விட்டார்களா? விட்டிருந்தால் சுகவனிதையர் கிளினிக்கில் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பப் பரிசோதனையைத் தொடர்ந்து செய்ய வேண்டும். மற்றது, வெட்டியெடுத்த கர்ப்பப்பையை ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த அறிக்கை வந்துவிட்டதா, அதில் என்ன இருக்கிறது? வரவில்லை என்றால் எப்போது, எந்த அறையில் எடுக்கலாம் என்று கேட்டுத் திகதியைப் போடுவித்துவிட்டே வெளிக்கிடுங்கள்.