சமூகப் பொறுப்புக்குச் செலவழித்தால் பங்குதாரருக்கு நஷ்டமா?

கேள்வி: சமூகப் பொறுப்புக்கும், வசதியில்லாதவர்களைப் பொருளாதாரத்துக்குள் கொண்டுவரும் முயற்சிகளுக்கும் நிறுவனங்கள் செலவழிக்கும் பணம், பங்குதாரர்களின் பையிலிருந்து போவதுதானே?

சில நேரம் ஆமாம். அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 1970ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன், சட்டத்துக்கும் நேர்மைக்கும் உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதுதான் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்று எழுதினார். அவர் பக்கம் ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இந்தியாவின் 2013 கம்பெனிகள் சட்டம், பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று வருடங்களின் சராசரி லாபத்தில் 2% சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும் என்றது. அதன் விளைவை ஆராய்ந்த மஞ்சிராஜு, ராஜகோபால் இருவரும், அந்த விதிக்குள் வந்த நிறுவனங்களின் பங்கு மதிப்பு சராசரியாக 4% அளவுக்குக் குறைந்ததைக் கண்டார்கள். கட்டாயத்துக்காகச் செய்யும் செலவைச் சந்தை வெறும் செலவாகத்தான் பார்க்கிறது.

ஆனால் தொழிலோடு ஒட்டிய பொறுப்பின் கணக்கு வேறு. நிதித் துறைப் பேராசிரியர் அலெக்ஸ் எட்மன்ஸின் 2011 ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அமெரிக்காவில் வேலை பார்க்கச் சிறந்த 100 நிறுவனங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. 1984 முதல் 2009 வரை அந்தப் பட்டியலில் இருந்த பங்குகள், அவற்றின் ரிஸ்க்குக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிட ஆண்டுக்கு 3.5% கூடுதலாகத் தந்திருக்கின்றன. பட்டியல் ஒன்றும் ரகசியமில்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இருந்தும் பங்கு விலை உடனே ஏறவில்லை. லாபம் எதிர்பார்ப்பைத் தாண்டி வர வரத்தான் சந்தை விழித்துக்கொண்டது. எனக்குத் தெரிந்து இதற்கு ஒரு காரணம் கணக்கெழுதும் முறை. தொழிலாளிக்குக் கொடுக்கும் பயிற்சி அந்த வருடமே செலவாக எழுதப்படுகிறது. அதனால் அவர் வேலையை விட்டுப் போகாமல் இருப்பதும், தப்பைத் துணிந்து மேலே சொல்வதும் எந்த வரியிலும் சொத்தாக வருவதில்லை.

2008-09 உலக நிதி நெருக்கடியிலும் இதே மாதிரி நடந்தது. சமூகப் பொறுப்பில் மேல் மதிப்பெண் பெற்றிருந்த அமெரிக்க நிறுவனங்களின் பங்குகள், மற்றவற்றைவிட 4 முதல் 7 சதவீதப் புள்ளிகள் கூடுதலாகத் தந்தன என்று லின்ஸ், செர்வாஸ், தமாயோ என்ற ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். யாரை நம்புவது என்றே தெரியாத நேரத்தில், முன்பே சேர்த்து வைத்த நல்ல பெயர் கைகொடுத்திருக்கிறது.

அதற்காக மதிப்பெண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஜெர்மன் கார் நிறுவனமான ஃபோக்ஸ்வேகன் 2015 செப்டம்பரில், சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பை வைத்து நிறுவனங்களை மதிப்பிடும் ஒரு பெரிய நிலைத்தன்மைக் குறியீட்டில் வாகனத் துறையின் முதலிடத்தில் இருந்தது. அதே மாதம்தான், டீசல் கார்களின் புகைச் சோதனையில் அது ஏமாற்றிய மோசடி வெளியே வந்தது. சில நாட்களில் பங்கு மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு கரைந்து போனது.

சரி, பொருளாதாரத்தில் எல்லோரையும் சேர்ப்பதற்கு வருவோம். கென்யாவின் எம்-பெசா, ஏழைகள் வாங்கும் சின்னக் கடனான குறுங்கடனின் தவணையைச் செல்போன் வழியாகக் கட்டும் சோதனையாக, பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சி நிதியும் சேர்ந்து தொடங்கியது. மக்களோ அதை வைத்து ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குப் பணம் அனுப்ப ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்து, சேவையை நடத்திய செல்போன் நிறுவனமான சஃபாரிகாம் திட்டத்தையே மாற்றியது. 2007ல் வெளிவந்த அந்தச் சேவை, வங்கிக் கணக்கே இல்லாதவர்களுக்குப் பயன்பட்டது. சஃபாரிகாமின் மிகப்பெரிய வருமான வழிகளில் ஒன்றாகவும் வளர்ந்தது.

இதற்கு நேர் எதிர், இந்தியாவின் எஸ்கேஎஸ் மைக்ரோஃபைனான்ஸ். ஏழைப் பெண்களுக்குக் கடன் கொடுப்பதற்காகத் தொடங்கி, 2010 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கு வந்தது. அதே வருட அக்டோபரில், குறுங்கடன் வசூல் கெடுபிடி பற்றியும் கடன் வாங்கியவர்களின் தற்கொலைகள் பற்றியும் வந்த செய்திகளை அடுத்து, ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டது. அங்கே வசூல் கிட்டத்தட்ட நின்றே போனது. 2012ல் பங்கு, வெளியீட்டு விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. கடன் தொகை வேகமாக வளர்ந்தது, வாங்கியவரின் திருப்பிக் கட்டும் சக்தி அந்த வேகத்தில் வளரவில்லை. அந்தப் பெண்களின் துயரத்தோடு ஒப்பிட்டால் முதலீட்டாளரின் நஷ்டம் சின்னதுதான். ஆனால் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவை.

நான் பங்கு வைத்திருந்த ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைச் சொல்கிறேன். முன்பக்கங்களில் மரக்கன்று, பள்ளிக்கூடப் பைகள், சிரிக்கும் குழந்தைகள் என்று வண்ணப் படங்கள். பின்னால் பொடி எழுத்தில் இருந்த கணக்குக் குறிப்புகளில், சிறு சப்ளையர்களுக்குக் கெடு தாண்டியும் தராத பாக்கி. முந்தைய வருட அறிக்கையை எடுத்துப் பார்த்தேன், பாக்கி கூடியிருந்தது. பை கொடுத்த கைதான், அந்தக் குழந்தைகளின் அப்பா அம்மா வேலை பார்க்கும் பட்டறைகளைப் போன்ற இடங்களுக்குப் பணம் தராமல் இழுத்தடித்தது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதைக் கேட்டேன். மரக்கன்றுகளின் எண்ணிக்கையைத்தான் பதிலாகச் சொன்னார்கள். அடுத்த வாரமே விற்றுவிட்டேன். இப்போதெல்லாம் எந்த ஆண்டறிக்கை வந்தாலும் முதலில் அந்தப் பாக்கிக் குறிப்பைத்தான் தேடுகிறேன். அப்புறம், எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்பதை.