குளிசையைக் கூட்டிய பிறகு அண்ணனின் குரல் இறங்கிவிட்டது

கேள்வி: அண்ணனுக்கு 36 வயது. மனநோய்க்காக இரண்டு வருடமாக மாதாந்த ஊசி போடுகிறார், இரவில் ஹலோபெரிடோல் குளிசையும் எடுக்கிறார். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி, ஊர் ஊராக மீன் கூவி விற்பவர். மூன்று மாதத்துக்கு முன் குளிசையைக் கூட்டினார்கள். அதிலிருந்து குரல் மெலிந்து, ஏற்ற இறக்கமில்லாமல் போய்விட்டது. கூவினால் அடுத்த வளவுக்குக்கூடக் கேட்பதில்லை. தலையணை எச்சிலால் நனைகிறது. கடன் கொப்பியில் எழுத்தும் சிறுத்துவிட்டது. இது மருந்தாலா? நிறுத்திவிடலாமா?
வாசகி, பெரியகல்லாறு

பதில்: மருந்தாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் நீங்களாக நிறுத்த வேண்டாம். பெரும்பாலும் மருந்தின் அளவையோ வகையையோ மாற்றிச் சரிசெய்யக்கூடிய பிரச்சினைதான் இது.

கடன் கொப்பியைக் கவனித்தீர்களே, எனக்கு அதுதான் பெரிய துப்பு. ஹலோபெரிடோல் போன்ற மருந்துகள் மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தின் வேலையைக் குறைத்துத்தான் நோயை அடக்குகின்றன. கை வீசி நடப்பதற்கும், முகம் மலர்வதற்கும், மூச்சை இழுத்து உரத்துக் கூப்பிடுவதற்கும் அதே டோபமின்தான் வேண்டும். அது அளவுக்கு மீறிக் குறைந்தால், பார்க்கின்சன் நோயில் வருவதைப் போல அசைவுகள் எல்லாம் சுருங்கும். எழுத்து சிறுக்கும், குரல் தணியும். எச்சிலும் கூடுதலாக ஊறுவதில்லை, விழுங்குவதுதான் குறைகிறது. அண்ணன் நடக்கும்போது கைகள் வீசுகின்றனவா என்று பாருங்கள். இப்படி ஆனவரை வீட்டிலும் வெளியிலும் சோம்பேறி என்று சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து அண்ணனை யாரும் அப்படிச் சொல்ல விடாதீர்கள்.

திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பலாம். அதோடு, மாத ஊசியின் மருந்து உடம்பில் வாரக்கணக்கில் தங்கியிருக்கும். குளிசையை மட்டும் விட்டால் குரல் உடனே திரும்பிவிடாது. கிளினிக்கில் அளவைக் குறைப்பார்கள், அல்லது இந்தத் தொல்லை குறைவான வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். சிலருக்கு இந்தப் பக்கவிளைவைத் தணிக்க பென்செக்சோல் என்ற குளிசை கொடுப்பதுண்டு. அது உதவும், ஆனால் வாயும் தொண்டையும் உலர்ந்து குரல் கரகரக்கலாம், மறதியும் வரலாம். அதனால் அதை வெளியில் வாங்கிக் கொடுக்காதீர்கள். மாற்றம் செய்தபின் குரல் தேறச் சில வாரங்கள், சிலருக்கு மாதங்களும் ஆகும்.

மன அழுத்தத்துக்கும் மனநிலை ஏற்றத்தாழ்வுக்கும் கொடுக்கும் மருந்துகளில் சிலவும் குரலைத் தொடும். லிதியம் எடுப்பவருக்குக் குரல் கம்மினால் தைரொய்ட் சோதிக்க வேண்டும். அவருக்கே பேச்சுக் குழறி, வாந்தியும் நடுக்கமும் வந்தால் இரத்தத்தில் லிதியம் கூடியிருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை: அண்ணனுக்கு வெற்றிலை, புகையிலை, சிகரெட் பழக்கம் உண்டா? குரல் மெலியாமல் கரகரப்பாகி, மூன்று நான்கு வாரம் தாண்டியிருந்தால், பழி மருந்தின் மேல் என்று விட்டுவிடக் கூடாது. காது மூக்கு தொண்டை கிளினிக்கில் குழாய்க் கமராவால் குரல்நாணைப் பார்த்தே ஆக வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று அவசரம். இந்த வகை மருந்தைத் தொடங்கி அல்லது கூட்டிச் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ, கழுத்து திருகி, நாக்கு இழுபட்டு, தொண்டை இறுகி, மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இளம் ஆண்களில் இது கூடுதலாக வரும். ஆஸ்பத்திரியில் இதற்கான ஊசி போட்டால் பெரும்பாலும் விரைவில் இளகிவிடும்.

அண்ணனின் கிளினிக் நாள் தூரத்தில் இருந்தால் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போங்கள். கிளினிக் கொப்பியோடு கடன் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள், பழைய பக்கமும் புதிய பக்கமும் தெரியட்டும். அவர் "சூடை, கீரி, பாரை" என்று கூவுவதை ஃபோனில் பதிந்து கொள்ளுங்கள். அவர் முன்பு பேசிய வீடியோ இருந்தால் அதையும் சேர்த்துக் காட்டுங்கள். வழக்கமான கிளினிக் நெரிசலில் "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டால் அண்ணன் "சுகம்" என்றுதான் சொல்வார், அதுவும் மெல்லிய குரலில். நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.