திருவாதிரைக்கு அனுமதி கேட்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: எங்கள் ஊர்ச் சிவன் கோயில் சோழர் காலத்தது. மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னம். ஒரு கால பூஜை விடாமல் நடக்கிறது. இனி அனுமதி வாங்காமல் திருவாதிரை நடத்தக் கூடாது, மண்டபத்தில் விளக்கேற்றக் கூடாது என்று அலுவலர் ஒருவர் சொல்லிவிட்டார். ஊரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்களுக்குப் பேச உரிமையே இல்லையா?
– வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: உரிமை இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் கூட்டம், விருந்து, நிகழ்ச்சி எதற்கும் அனுமதி வேண்டும் என்று சொல்லும் 1959ஆம் ஆண்டு மத்திய விதிகளில் 7ஆவது விதியே, அங்கீகரிக்கப்பட்ட சமய வழக்கப்படி நடப்பவற்றுக்கு விலக்குத் தருகிறது. அந்த விதிகளுக்கு அடிப்படையான 1958ஆம் ஆண்டுத் தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 16ஆவது பிரிவும் உங்களுக்குத் துணை. அரசு கையகப்படுத்திய, அல்லது காப்பாளராக இருக்கும் கோயிலில் புனிதம் காக்க நுழைவு நிபந்தனை விதித்தால், சமயப் பொறுப்பில் இருப்பவர்களின் இசைவு வேண்டும் என்கிறது அது. நிர்வாகத்தில் ஊருக்கு இடம் தரும் பிரிவு மட்டும் இந்தச் சட்டத்தில் இல்லை. பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

சரி, முதலில் காகிதம். கோயிலைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த அரசிதழ் நகலையும், உரிமையாளரோடு ஒப்பந்தம் இருந்தால் அதன் நகலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளில் வர வேண்டும். அறிவிப்பு வந்தபோதே பூஜை நடந்ததா என்பதுதான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர். அதற்குச் சாட்சி உங்கள் ஊர் வீடுகளில்தான் இருக்கும்: பழைய மண்டகப்படி நோட்டு, மஞ்சள் விழா நோட்டீஸ், வரி வசூல் ரசீது. ஒரு வழக்கில், பாட்டி ஒருவர் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த நோட்டீஸ்தான் எங்களைக் காப்பாற்றியது.

விளக்கு விஷயத்தில் அலுவலர் பக்கமும் நியாயம் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் கல்வெட்டு எழுத்தை அடைத்துவிடும். பிறகு அதைப் படிக்கவே முடியாது. விளக்கைச் சுவரை விட்டுத் தள்ளி மணல் தட்டில் வைக்கிறோம், உள்ளே சமைக்க மாட்டோம், சுண்ணாம்பு அடிக்க மாட்டோம் என்று ஊரே எழுதிக் கொடுங்கள். உரிமை கேட்கும் உங்கள் கை அப்போதுதான் வலுக்கும்.

அர்ச்சகர், அறங்காவலர், ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்தோடு மத்தியத் தொல்லியல் துறையின் கண்காணிப்புத் தொல்லியலாளருக்கும் ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். அப்புறமும் தடுத்தால், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின் கீழ் நீதிப்பேராணை கேட்கலாம். மார்கழி வரை காத்திருக்காதீர்கள். ஐப்பசியிலேயே மனு போய்விட வேண்டும்.